அச்சேயும் இலங்கையும்: வெளியுலகில் ஓர் அரசின் இடமும் உள்நாட்டுக் கிளர்ச்சியும்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கிளர்ச்சி நீடித்துவந்த இந்தோனேசியாவின் அச்சேயையும் இலங்கையின் வடகிழக்கையும் ஒருங்கே புரட்டிப்போட்டது. ஒன்று உடன்பாட்டிலும் மற்றொன்று போரிலும் முடிந்ததற்கு, தில்லியில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் தலைவர்களின் மனப்போக்கையே காரணமாக எழுதுகிறார்கள். அவ்வரசுகளுக்கு வெளியுலகில் இருந்த இடத்தையும் சேர்த்தால்தான் விடை நிற்கும்.

1999-இல் கிழக்குத் திமோர் இந்தோனேசியாவிலிருந்து பிரிந்தபோது நடந்த வன்முறையால் ஜகார்த்தாவின் பெயர் கெட்டிருந்தது; அதனால் அச்சேயில் வெளியாரின் நடுவர் பணியை மறுப்பது அதற்கு எளிதாயில்லை. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரியின் நடுவர் பணியில் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சின்கியில் உடன்பாடு கையெழுத்தானது. கிளர்ச்சியாளர்கள் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு 840 ஆயுதங்களை ஒப்படைக்க, ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் என்னும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பின் நாடுகளும் அனுப்பிய கண்காணிப்பாளர்கள் அதைச் சரிபார்த்தனர். கிளர்ச்சியாளர்கள் களத்தில் தளர்ந்திருந்தார்கள் என்பதும் உண்மையே.

கொழும்பின் நிலை வேறு. நிவாரணப் பகிர்வுக்காக 2005 ஜூனில் புலிகளுடன் செய்த ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே நிறுத்திவைத்தது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தபின், படை நடவடிக்கையைப் பயங்கரவாத எதிர்ப்பு என்று உலகுக்குச் சொல்வது அரசுக்கு எளிதாயிற்று. மேற்கு நாடுகள் முகம் சுளித்தாலும் ஆயுதமும் கடனும் தரச் சீனா இருந்தது. 2009 மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அவையில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்தை ஆதரித்த 29 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2012 மார்ச்சில் அதே அவையில் தில்லி கொழும்புக்கு எதிராக மாற்றி வாக்களித்தபோது, போர் முடிந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.