பாயிண்ட் பீலி: மே மாசத்துல போங்க

டொரான்டோல இருந்து நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி பாயிண்ட் பீலி நேஷனல் பார்க் போனோம், 1918ல ஆரம்பிச்ச பார்க், கனடா நிலப்பரப்போட தெக்கு முனை. மே மாசம் தெக்க இருந்து வர்ற குட்டிப் பறவைங்க ராத்திரியோட ராத்திரியா ஈரி ஏரியத் தாண்டி களைச்சுப் போய் இந்தக் கரையோர மரங்கள்ல தான் வந்து எறங்குது. ஒரு மஞ்ச வார்ப்ளர், சிட்டுக்குருவிய விட சின்னது, என் இடுப்பு உயரக் கிளையில உக்காந்து எங்களக் கண்டுக்காம பூச்சி பொறுக்கிட்டே இருந்துச்சு, நெஞ்சுல இருக்குற செவப்புக் கோடு கூட பைனாகுலர் இல்லாமலே தெரிஞ்சுது, மூச்ச புடிச்சிட்டு நின்னேன். பாய்சன் ஐவி, அதாவது தொட்டா தோல் அரிச்சுத் தடிச்சுப் போற செடி, நெறைய இருக்கு, பாதைய விட்டு எறங்காதீங்க. உண்ணி ஏறும், முழு பேன்ட் போடுங்க. விசிட்டர் சென்டர்ல இருந்து முனைப் பக்கம் ஷட்டில் விடுறாங்க, விடியக்காலையிலேயே ஏறிடுங்க, வெயில் வந்தா பறவைங்க உள்ள போயிடும். அஞ்சுக்கு அஞ்சு.