வஹீபா மணலுக்குப் போறவங்க, திரும்பி வர்ற வண்டிக்கும் சேர்த்து முதல்லயே பேசிடுங்க

ஓமன்ல இருக்கிற நம்ம ஆட்கள், ஈத் லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. ரூம் நண்பர்களோட வஹீபா பாலைவனத்துக்குப் போயிட்டு நொந்து வந்திருக்கோம்.

ராத்திரி பாலைவன கேம்ப், மறுநாள் ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில ஆமை பார்க்கிறதுன்னு ஒரே பேக்கேஜாப் பேசி, ஏஜென்ட் முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிட்டார். "காரை மணல் ஓரத்துல இருக்கிற பிதியா ஊர்ல விட்டுடுங்க, எங்க ஃபோர் வீல் வந்து கூட்டிட்டுப் போகும், எல்லாம் இதுலயே அடக்கம்"னார்.

காலையில பையைத் தூக்கிக்கிட்டு வந்தா, டிரைவர் சாவியைக் கையிலயே வெச்சுக்கிட்டு, திரும்பிப் போகத் தலைக்குப் பத்து ரியால் கேட்கிறார். ஏஜென்ட் போனை எடுக்கலை. சுத்தி மணல்மேடு, ரோடு எந்தப் பக்கம்னே தெரியலை. அந்த நேரத்துக்கே மணல் கொதிக்குது. எங்கள்ல ஒருத்தருக்குச் சர்க்கரை, மாத்திரை பிதியாவில கார்ல கிடக்கு. எங்க பேரம் பேசுறது? கொடுத்துட்டு ஏறினோம்.

காசு போனதை விட எனக்கு ஆத்திரம், முதல் நாள் உள்ளே கூட்டிட்டுப் போன விதம்தான். பிதியாவில டயர் கடைகள் இருக்கு. அங்க நிறுத்தி, 15-18 பி.எஸ்.ஐ. வரைக்கும் காத்தை இறக்கிட்டுத்தான் விவரமானவங்க மணல்ல ஏத்துவாங்க. டயர் அகலமாப் படிஞ்சாத்தான் வண்டி புதையாது. எங்க டிரைவர் நேரம் இல்லைன்னு நேரா விட்டார். முதல் ஏத்தத்துலயே பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிடுச்சு. வண்டியில மண்வெட்டி இல்லை, கயிறு இல்லை, தண்ணி ஒரே ஒரு பாட்டில். வெறுங்கையால மணலை அள்ளிக்கிட்டு இருந்தோம். அந்தப் பக்கமா வந்த, பாலைவனத்து பதூ இனப் பெரியவர் ஒருத்தர் தன் பிக்கப்ல கட்டி இழுத்துவிட்டார். காசை நீட்டினா வாங்கவே மாட்டேன்னுட்டார்.

ராஸ் அல் ஜின்ஸ்லயும் ஏமாத்தம்தான். ராத்திரி கடற்கரைக்குக் கைடோடதான் விடுவாங்க, இத்தனை பேர்தான்னு ஆள் கணக்கும் உண்டு. கவுன்டர்ல எங்க பேர்ல புக்கிங்கே இல்லை.

போகாதீங்கன்னு சொல்லலை, அவ்வளவு அழகான இடம். கேம்ப்காரரையே நேரா கூப்பிடுங்க. போக வர வண்டிக்கு எவ்வளவுன்னு மெசேஜ்ல எழுதி வாங்குங்க. ஆமைக்கு நீங்களே புக் பண்ணுங்க. வாடகைக் காரை மணல்ல இறக்காதீங்க, பெரும்பாலும் இன்சூரன்ஸ் கிடைக்காது. தண்ணியும் மருந்தும் கையோட இருக்கட்டும். மாட்டிக்கிட்டா போலீஸ் அவசர நம்பர் 9999.