தீர்ப்பளிப்பவருக்கும் துணைநிற்பவருக்கும் என்ன பயிற்சி வேண்டும்? அமெரிக்கச் சிறப்புக் கல்வி விசாரணைகள் குறித்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் ஒரு குழந்தைக்கு என்ன உதவி, எத்தனை மணி நேரம், எந்தப் பள்ளியில் என்பதில் பெற்றோருக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புக்கும்) உடன்பாடு ஏற்படாவிட்டால், இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் முறையான விசாரணை கோரலாம். அந்த விசாரணையில் இருவருடைய தகுதி மிக முக்கியமானது. ஒருவர் தீர்ப்பு எழுதும் விசாரணை அலுவலர். மற்றவர் பெற்றோருடன் வந்து அமரும் 'அட்வகேட்'. நம் ஊரில் இச்சொல் வழக்கறிஞரையே குறிக்கும். அங்கே, இந்தத் துறையில், அது பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லாத, குறைபாடுள்ள குழந்தைகளின் கல்வியை அறிந்த ஒருவரைக் குறிப்பதால், இக்கட்டுரையில் அவரைத் துணையாளர் என்றே அழைக்கிறேன்.

குறைபாடுள்ளவர்களின் கல்விக்கான, ஐ.டி.இ.ஏ. எனப்படும் கூட்டாட்சிச் சட்டம் விசாரணை அலுவலரிடம் எதிர்பார்த்தது நெடுங்காலம் நடுநிலைமையை மட்டுமே. அவர் மாநிலக் கல்வித் துறையிலோ அந்தப் பள்ளி மாவட்டத்திலோ ஊழியராக இருக்கக் கூடாது என்பதோடு நிபந்தனை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2004-ஆம் ஆண்டுத் திருத்தம்தான், அவர் இச்சட்டத்தையும் அதற்கு நீதிமன்றங்கள் தந்துள்ள விளக்கங்களையும் அறிந்திருக்க வேண்டும், சட்ட நடைமுறைக்கேற்ப விசாரணை நடத்தவும் தீர்ப்பு எழுதவும் வல்லவராக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. இவ்வளவு சொன்ன சட்டம், அந்த அறிவை அவர் எங்கே, எத்தனை மணி நேரப் பயிற்சியில் பெற வேண்டும் என்று சொல்லவில்லை. அதே சட்டம் சமரசம் பேசி முடித்து வைப்பவரைப் பற்றிப் பேசும்போது, அவர் சமரச முறைகளில் 'பயிற்சி பெற்றவராக' இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. இரு தரப்பும் விரும்பினால் மட்டுமே நடக்கும் பேச்சுக்குப் பயிற்சியை வற்புறுத்திய சட்டம், கட்டுப்படுத்தும் தீர்ப்பை எழுதுபவர் விஷயத்தில் அந்தச் சொல்லைக்கூடப் பயன்படுத்தாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இந்த இடைவெளியை மாநிலங்கள் வெவ்வேறு வழிகளில் நிரப்பிக்கொண்டன. நியூயார்க் மாநிலத்தில், 2001 செப்டம்பருக்கு முன்பே சான்று பெற்றிருந்தவர்கள் நீங்கலாக, விசாரணை அலுவலராக வருபவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும், கல்வி அல்லது உரிமைச் சட்டம் சார்ந்த அனுபவம் வேண்டும், மாநிலக் கல்வித் துறை நடத்தும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் சுழற்சி முறையில் அழைக்கப்படும் தனியாள்களாகவே இருந்தனர். நியூயார்க் நகரம் அண்மை ஆண்டுகளில்தான் இந்த விசாரணைகளை நகர நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு மாற்றி, முழுநேர அலுவலர்களை அமர்த்தியது. கலிஃபோர்னியா 2005-இலேயே மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்திடம் இப்பணியை ஒப்படைத்துவிட்டது. அங்கே நிர்வாகச் சட்ட நீதிபதியாக நியமிக்கப்படுபவர் குறைந்தது 5 ஆண்டுகள் அம்மாநில வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். டெலவேரில் நெடுங்காலம் நிலவிய வழக்கம் முற்றிலும் வேறு: ஒரு வழக்கறிஞர், ஒரு சிறப்புக் கல்வியாளர், ஒரு பொதுக் குடிமகன் என மூவர் குழு.

இவற்றில் எது மேல் என்று கேட்டால், மூவர் குழுவின் எண்ணம் சரி, அமைப்பு சுமையானது என்பேன். விசாரணை கோரிய நாளிலிருந்து இரு தரப்பும் தாமே பேசித் தீர்க்க 30 நாள், அதன்பின் தீர்ப்புக்கு 45 நாள் என்று விதி நாள் குறித்திருக்கும்போது மூவரை ஒரே தேதியில் கூட்டுவது எளிதன்று. முழுநேர நீதிபதிக்கு வாரந்தோறும் இதே வகை வழக்குகள் வருவதால் கைப்பழக்கம் வந்துவிடுகிறது, தீர்ப்புகளுக்கிடையே ஒருமையும் இருக்கும். ஆனால் அவருடைய நியமனத் தகுதி முழுவதும் சட்டத் தகுதியே. 2017-இல் எண்ட்ரூ வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையின் சூழ்நிலையைக் கருத்தில்கொண்டு பொருத்தமான முன்னேற்றம் கிடைக்கும்படி கல்வித் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்று கூறியது. ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையின் நடத்தைப் பதிவேட்டையோ, டிஸ்லெக்சியா உள்ள குழந்தையின் வாசிப்பு மதிப்பீட்டையோ படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாத ஒருவர், எவ்வளவு தேர்ந்த சட்ட அறிவாளியாக இருந்தாலும், அந்த அளவுகோலை எப்படிப் பொருத்திப் பார்ப்பார்? ஆகவே முழுநேர நீதிபதி முறையையே நான் தேர்வேன். ஆண்டுதோறும் குறைபாடுகள், மதிப்பீட்டு முறைகள், கற்பித்தல் முறைகள் பற்றிய கட்டாயப் பயிற்சி உண்டென்றால் மட்டும்.

துணையாளர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். 'குறைபாடுள்ள குழந்தைகளின் பிரச்சினைகளில் சிறப்பறிவு அல்லது பயிற்சி' உள்ளவர் பெற்றோருடன் வந்து ஆலோசனை கூறலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது, ஆனால் அந்த அறிவைச் சோதிக்க நாடு தழுவிய உரிமமோ தேர்வோ கிடையாது. ஆலோசனை கூறுவதைத் தாண்டி அவர் பெற்றோர் சார்பில் வாதாடலாமா என்பது இன்னொரு கேள்வி. டெலவேர் உச்ச நீதிமன்றம் 2000-இல் ஆரன்ஸ் வழக்கில், கூடாது, அது உரிமமின்றி வழக்கறிஞர் தொழில் செய்வதாகும் என்று தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி வாதாட அனுமதித்து, அதற்குக் கட்டணம் வாங்கத் தடை விதித்தது. 1988-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2008-இல் கூட்டாட்சிக் கல்வித் துறை, இதை அந்தந்த மாநிலச் சட்டமே முடிவு செய்யட்டும் என்று விதியைத் திருத்தியது. 2013-இல் டெக்சாஸ் வேறு வழி கண்டது. அங்கே துணையாளர் வாதாடலாம், ஆனால் விசாரணை நடைமுறையும் கூட்டாட்சி, மாநிலச் சிறப்புக் கல்விச் சட்டங்களும் தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை நெறிகளை ஏற்க வேண்டும், பெற்றோருடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

டெலவேரின் அச்சம் நியாயமற்றதன்று. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாதவர் ஒரு குழந்தையின் வழக்கையே கெடுத்துவிடலாம், அவர்மீது நடவடிக்கை எடுக்க வழக்கறிஞர் மன்றமும் இருக்காது. ஆனால் தடையின் சுமை யார் தலையில் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். விசாரணை கோரியவரே தம் தரப்பை நிரூபிக்க வேண்டும் என்று 2005-இல் ஷாஃபர் வழக்கிலும், வென்றாலும் நிபுணர் கட்டணத்தைப் பள்ளி மாவட்டத்திடம் கேட்க முடியாது என்று 2006-இல் ஆர்லிங்டன் வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பின்னதில் பெற்றோர் கேட்ட ஆலோசகர் கட்டணம் 29,350 டாலர். வழக்கறிஞருக்குப் பணமில்லாத குடும்பத்திடமிருந்து துணையாளரையும் விலக்கிவிட்டால், பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞர் எதிரே தாயோ தந்தையோ தனியாகவே அமர வேண்டியிருக்கும். நியூ ஜெர்சியின் வழி இரக்கமுள்ளதாகத் தோன்றினாலும், ஊதியமில்லாத வேலைக்குப் பல மாதப் பயிற்சியை யாரிடம் கட்டாயப்படுத்த முடியும்?

எனவே டெக்சாஸ் முறையே என் தேர்வு. அதிலும் ஒரு குறை உண்டு. துணையாளர் தகுதி உடையவரா என்பதை விசாரணை தொடங்கிய பின் அந்த விசாரணை அலுவலரே முடிவு செய்கிறார். தகுதி இல்லை என்றால், பெற்றோர் பாதி வழியில் வேறு ஆளைத் தேட வேண்டும். பெற்றோர் வழக்கறிஞர்கள், துணையாளர்களின் கூட்டமைப்பான கோப்பா, நடைமுறைப் பயிற்சியும் சேர்ந்த, பல மாதங்கள் நீளும் துணையாளர் பயிற்சியை நடத்துகிறது. அத்தகைய பயிற்சியை முன்கூட்டியே சரிபார்த்து மாநிலமே ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். விசாரணை அலுவலர்களின் பெயரையும் தகுதியையும் குறித்த பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதி இன்றே கட்டாயப்படுத்துகிறது. அதே போன்ற இரண்டாவது பட்டியல் ஒன்று இருந்தால், கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பெற்றோர் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள முடியும்.