கொச்சி அரண்மனை டூர் என்று சொல்லி ரூ. 23,400 வாங்கிக்கொண்டார்கள். சேலம் மக்களே, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். அந்த ட்ராவல்ஸ் கடைக்கு மூன்றாவது தடவையாகப் படியேறிவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். சட்டைகூட மாற்றவில்லை. ரூ. 23,400. நாலு பேர், ஒரு கார், ஒரு ராத்திரி தங்கல். பார்க்கப் போனதைப் பார்க்கவே இல்லை.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மாடிப்படி ஓரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ், உள்ளே ஒரு மேஜை, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மூணாறு படமும் படகு வீட்டுப் படமுமாக நிறைய கடைகள் இருக்கின்றன அல்லவா, அந்த வகைதான். போனில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிறார்கள். இவர்களிடம் மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் பத்து விஷயம் எழுதுகிறேன்.

அப்பாவுக்காகத்தான் போனோம். அப்பா டிராயிங் மாஸ்டர். முப்பத்தி நாலு வருஷம் சேலத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது எழுபத்தி நாலு, ரெண்டு முழங்காலிலும் வலி. கொச்சியில் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர் ஓவியங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் சின்னப் பையனாக இருந்தபோதிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்போதோ ஒரு பத்திரிகையில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். "இதுல கலரே தெரியல சாமி. கலர்தானே விஷயம்" என்பார்.

அந்த அரண்மனை போர்த்துக்கீசியர் கட்டி 1555 வாக்கில் கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தது. பக்கத்தில் ஒரு கோவிலை அவர்கள் சூறையாடியிருந்தார்கள், அந்தக் கோபத்தைத் தணிக்கக் கொடுத்தது என்பார்கள். 1663-இல் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காயல் ஓரத்தில், நடுமுற்றம் வைத்த நாலுகட்டு வீடு. முற்றத்தில் ராஜ குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதி கோவில். மேல்மாடியில் ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம், ஏறக்குறைய 48 காட்சிகள். தசரதன் செய்யும் யாகத்தில் ஆரம்பித்து சீதையோடு ராமலட்சுமணர் திரும்பி வருவது வரை போகும். காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான் நிறம். அந்தக் கறுப்பு எண்ணெய் விளக்குப் புகையில் எடுத்த கறுப்பு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பா சொல்லிச் சொல்லித்தான்.

கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனதுதான் எனக்கு இப்போது வயிற்றெரிச்சல். மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் விபூதி. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஐயா உட்காருங்க, கால் வலியோட ஏன் படி ஏறுனீங்க, சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேனே" என்றார். காபி வரவழைத்தார். அப்பா டிராயிங் மாஸ்டர் என்று தெரிந்ததும் போனில் அந்தப் பள்ளியறை ஓவியத்தை எடுத்து மேஜையில் வைத்து, "இது என்ன சீன்னு எனக்குச் சொல்லிக் குடுங்கய்யா" என்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "எனக்கும் ஆறாவதுல டிராயிங் மாஸ்டர்தான்யா உயிர். ஐயாவை நான் நல்லபடியா கூட்டிட்டுப் போய்க் காட்டிடறேன், இது என் பொறுப்பு" என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த இடத்தில் விழுந்தேன். அப்பா பேச்சை இவ்வளவு நேரம் கவனமாகக் கேட்க இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? பேரம்கூடப் பேசவில்லை. அங்கேயே முன்பணம் 15,000 அனுப்பினேன். ஸ்கேன் செய்ததும் கடைப் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டம்மா அக்கவுண்ட்டுண்ணா, கடை அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு" என்றார். சரி என்று அழுத்திவிட்டேன். மீதி 8,400 வண்டி ஏறும்போது. மொத்தம் ரூ. 23,400.

ரசீது என் முன்னால் இருக்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய சாதாரண பில் புக். நீல மையில் "கொச்சி 2 நாள், 4 பேர், ஏசி கார், காயல் ஓரம் ஹெரிட்டேஜ் பங்களா ஸ்டே, பேலஸ் + சினகாக் என்ட்ரி, பெயின்டிங் கைடு, போட்டிங்" என்று எழுதியிருக்கிறது. சினகாக் என்றால் யூதர்களின் கோவில். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிறுக்கல். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, முகவரி இல்லை. பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று, எழுத்து பாதி தெரியவில்லை. அதில் பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருக்கிறதாம். இன்றைக்குத்தான் எனக்கு அதைக் காட்டினார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி கிளம்பினோம். நாளைத் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான். "வெள்ளிக்கிழமைன்னா கூட்டமே இருக்காதுண்ணா, ஐயா நிம்மதியா பார்க்கலாம்" என்றார்.

கூட்டம் இல்லைதான். வெள்ளிக்கிழமை அந்த அரண்மனை திறப்பதே இல்லை. ஒவ்வொரு வாரமும் வெள்ளி விடுமுறை. பக்கத்திலேயே 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கிறது, கையால் வரைந்த சீன ஓடு பதித்த தரை. அதுவும் வெள்ளி, சனி ரெண்டு நாளும் மூடியிருக்கும். ரசீதில் எழுதிக் காசு வாங்கிய ரெண்டு இடமும் நாங்கள் போன அன்றைக்குப் பூட்டு.

அப்பா வேட்டி துவைத்து இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தார். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றி ஒரு பூதக்கண்ணாடி. கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, கண்ணை எத்தனை இழுப்பில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள் என்று தெரிந்து, சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருந்தார். கேட்டில் இருந்தவர் எங்களைப் பார்த்து "இன்னு அவதியாணு" என்றார். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறையாம். எங்களுக்கு அது தமிழாகவே காதில் விழுந்தது. அப்பா கைக்குட்டையைப் பிரித்தவர் அப்படியே திரும்பச் சுற்றி வைத்தார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். முதலில் "அப்படியாண்ணா?" என்றார். அப்புறம் "திடீர்னு ரிப்பேர் வேலையாம், இப்பத்தான் எனக்கே தகவல் வந்துச்சு" என்றார். எல்லா வெள்ளியும் விடுமுறை என்று கேட்டில் இருந்தவர் சொல்கிறாரே என்றதும், "சிக்னல் இல்லண்ணா, அப்புறம் கூப்பிடறேன்." கூப்பிடவே இல்லை.

பெயின்டிங் கைடு எங்கே என்று கேட்டேன். டிரைவர், "நான்தாங்க கைடு" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வந்த பையன். ஆனால் அவர் எங்களை நேராக ஒரு மசாலாக் கடைக்கும், அடுத்து ஒரு பழைய சாமான் கடைக்கும் கூட்டிப்போனார். ரெண்டு இடத்திலும் கல்லாவில் இருந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காயல் ஓரத்து பங்களா என்றது ஒரு லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். படகு என்பது எர்ணாகுளம் ஜெட்டியில் எல்லாரும் டிக்கெட் எடுத்துப் போகும் அரசுப் படகு. அது நல்லாகவே இருந்தது, என் மகள் ரசித்தாள். ஆனால் அதற்கு எதற்கு பேக்கேஜ்?

சனிக்கிழமை அரண்மனை திறக்கும். பத்து மணிக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றேன். வண்டிக்குச் சாயங்காலம் சேலத்தில் வேறு சவாரியாம், ஆறு மணிக்கே கிளம்ப வேண்டுமாம். நின்றால் 4,500 கூடுதல் என்று கடையிலிருந்து டிரைவருக்கு மெசேஜ். நான் கத்த ஆரம்பித்தேன். அப்பா கையைப் பிடித்து, "விடு சாமி. ஊருக்குப் போலாம்" என்றார். பாலக்காடு தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போதே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். சேலத்துக்கு ரயிலா இல்லை?

ஊருக்கு வந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். திங்கட்கிழமை போன் செய்தால், "முதலாளி வெளியூர்." ஐயாவை நான் பொறுப்பாகக் கூட்டிப்போகிறேன் என்றவருக்குத் திடீரென்று ஒரு முதலாளி முளைத்துவிட்டார். செவ்வாய் நேரில் போனேன், பூட்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் ரசீதையும் அரண்மனையின் விடுமுறைப் பலகைப் படத்தையும் அனுப்பினேன். ரெண்டு நீல டிக். பதில் இல்லை. மறுநாள் அவர் படமே எனக்குத் தெரியவில்லை, ப்ளாக் செய்துவிட்டார். என் மனைவி போனிலிருந்து கூப்பிட்டால் "வாங்கக்கா, எந்த ஊர் போகணும்?" என்று அதே தேன் குரல். விஷயத்தைச் சொன்னதும் கட்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். கடைப் பையன் மட்டும் இருந்தான். "அண்ணா, கார் வந்துச்சுல்ல, ரூம் குடுத்தோம்ல, பூட்டியிருந்தா நாங்க என்ன செய்யறது?" என்று கேட்டான். திறந்திருக்கும் நாளில் கூட்டிப்போவதற்குத்தானே உங்களிடம் ரூ. 23,400 கொடுத்தேன் என்றேன். அவன் போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

இன்றைக்கு அந்த விபூதிக்காரரே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. காபி இல்லை. ஸ்டாம்பைக் காட்டினார். நுழைவுச்சீட்டுக் காசையாவது கொடுங்கள் என்றேன். அப்புறம் பெரிய மனது பண்ணுவது போல, "சரிண்ணா, உங்களுக்காக ஏற்காடு ஒன் டே ட்ரிப் ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றார். நாங்கள் குடியிருப்பது கன்னங்குறிச்சி. மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை. பஸ்ஸில் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவு திரும்பினால் ஏரி. எங்கள் மலையை எங்களுக்கே இலவசமாகக் கொடுக்கிறாராம். அப்பாவின் ராமாயணத்துக்கு அது ஈடாம்.

பத்து விஷயம் எழுதுகிறேன் என்றேன். ஓடவில்லை. இவ்வளவுதான்: எந்த அரண்மனை, மியூசியமானாலும் வார விடுமுறை எது என்று நீங்களே பாருங்கள். திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குத் திங்கள் விடுமுறை, மட்டாஞ்சேரிக்கு வெள்ளி. கடைப் பெயரில் இல்லாத அக்கவுண்ட்டுக்கு ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். தேதி, தங்கும் இடத்தின் பெயர், என்னென்ன காட்டுவார்கள் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் 1915-க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள், புகார் நம்பர் கொடுத்தார்கள். ப்ளாக் செய்வதற்கு முன்னால் அவர்கள் அனுப்பியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதே மாதிரி இதே ஏரியாவில் யாராவது ஏமாந்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். சேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடைப் பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.

அப்பா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை அலமாரியிலிருந்து எடுத்தவர் இன்னும் உள்ளே வைக்கவில்லை. புதன்கிழமை ராத்திரி ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன், அவருக்கும் எனக்கும். வியாழக்கிழமை திறந்திருக்கும், கேட்டுவிட்டேன். அதற்கு முன்னால் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நாலாவது தடவையாக அந்தப் படியேறுகிறேன். ரூ. 23,400.