நானே கட்டிய த்ரீ-வே சென்டர் ஸ்பீக்கர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

ஹோம் தியேட்டரில் டி.வி. பக்கத்தில் இருந்து வசனத்தை ஒலிக்கும் சென்டர் ஸ்பீக்கரை நானே கட்டி வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் அதே 4 இன்ச் மிட்ரேஞ்ச் டிரைவர் (நடுத்தர ஒலியை எழுப்பும் கூம்பு) விலை இறங்கியிருக்கிறது என்று நண்பர் ஒருவர் லிங்க் அனுப்பி, "நானும் ஒண்ணு கட்டட்டுமா?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஒலியைப் பற்றி மட்டும் கேட்டால் யோசிக்காமல் கட்டச் சொல்வேன். அந்தப் பெட்டியோடு தினமும் வாழ்வதைப் பற்றிக் கேட்டால் பதில் வேறு.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். த்ரீ-வே என்றால் ஒலியை மூன்றாகப் பிரித்துத் தனித்தனி டிரைவருக்குக் கொடுப்பது. இரண்டு ஓரங்களிலும் கனத்த ஒலிக்கு 5.5 இன்ச் வூஃபர், நடுவில் மிட்ரேஞ்ச், அதற்கு நேர் மேலே கீச்சு ஒலிக்கு 1 இன்ச் டோம் ட்வீட்டர். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் செய்த மூடிய பெட்டி. மிட்ரேஞ்சுக்கு உள்ளே தனி அறை. ஒலியைப் பிரித்து அந்தந்த டிரைவருக்கு அனுப்பும் சுற்றான கிராஸ்ஓவர் பிரிப்பது 350 ஹெர்ட்ஸிலும் 2,500 ஹெர்ட்ஸிலும்.

இதற்கு முன்னால் இருந்தது கடையில் வாங்கியது. வூஃபர், ட்வீட்டர், வூஃபர் என்று மூன்றும் ஒரே கோட்டில் படுத்திருக்கும் வகை. நடு இருக்கையில் உட்கார்ந்து கேட்டால் குறையே சொல்ல முடியாது. சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வசனம் மங்கிவிடும். ஓரத்தில் இருப்பவர் "என்ன சொன்னான்?" என்பார், ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுவோம், அடுத்த காட்சியில் சண்டை வந்ததும் அவசரமாகக் குறைப்போம். படம் முழுக்க இதே வேலை.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் ரூம் கரெக்ஷனை (அறைக்கேற்ப ஒலியைத் தானே திருத்தும் வசதி) எத்தனை முறை ஓட்டினாலும் இது சரியாகாது, ஏனென்றால் கோளாறு பெட்டியின் வடிவத்திலேயே இருக்கிறது. இரண்டு வூஃபர்களின் மையங்களுக்கு நடுவே 30 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். 30 டிகிரி பக்கவாட்டில் உட்காருபவருக்கு ஒரு வூஃபரின் ஒலி மற்றதைவிட 15 செ.மீ. அதிக தூரம் கடந்து வருகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அந்தக் கணக்கில் 1,140 ஹெர்ட்ஸ் பக்கம் 15 செ.மீ. என்பது சரியாக அரை அலைநீளம். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ட்வீட்டரோ 2,000, 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பொறுப்பேற்கும். ஆக, பேச்சின் தெளிவு தங்கியிருக்கும் பகுதியிலேயே பள்ளம் விழுகிறது. ஈக்வலைசரில் அந்தப் பகுதியைத் தூக்கினால் ஓரத்துப் பள்ளம் நிரம்பாது, நடுவில் இருப்பவருக்குத்தான் காது கூசும்.

1983இல் ஸ்பீக்கர் பொறியாளர் ஜோசப் டி'அப்போலிட்டோ இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் வைக்கும் முறையை ஆராய்ந்து எழுதியபோது, ஸ்பீக்கரை நிமிர்த்தி வைப்பதற்காகத்தான் எழுதினார். நிமிர்ந்து நின்றால் மேலும் கீழும் ஒலி குறுகும், பக்கவாட்டில் தாராளமாக விரியும். அதையே படுக்கப் போட்டால் குறுகுவது பக்கவாட்டில் நடக்கிறது, அதாவது மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் திசையில். டி.வி.க்குக் கீழே நுழைய வேண்டும், பார்க்க இருபக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். வசனத்துக்காகவே விற்கும் பெட்டி வசனத்தையே விழுங்குவதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் கட்டியதிலும் வூஃபர்கள் இரண்டும் தள்ளித்தான் இருக்கின்றன, மையங்களுக்கு நடுவே 34 செ.மீ. ஆனால் 350 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அதே 30 டிகிரியில் வரும் 17 செ.மீ. வித்தியாசத்தால் குறைவது ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல்தான், காதுக்குப் பிடிபடாது. குரலின் பெரும்பகுதியை மிட்ரேஞ்ச் ஒன்றே சுமக்கிறது. அதைவிட உயர்ந்த அதிர்வெண்களுக்கு அதன் தலைக்கு மேல் இருக்கும் ட்வீட்டர். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருப்பதால் இடமோ வலமோ எங்கே உட்கார்ந்தாலும் இரண்டுக்குமான தூர வித்தியாசம் அநேகமாக மாறுவதில்லை. எழுந்து நின்றால் குரலின் நிறம் கொஞ்சம் மாறும். படம் உட்கார்ந்துதானே பார்க்கிறோம்.

கட்டும் வேலையில் கஷ்டம் மரவேலை அல்ல, கிராஸ்ஓவர்தான். 350 ஹெர்ட்ஸில் பிரிப்பதென்றால் பாகங்கள் பெரிதாகிவிடும். பேரலலில் இணைத்த இரண்டு 8 ஓம் வூஃபர் 4 ஓம் ஆகிறது. அதற்கு இரண்டாம் ஆர்டர் லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டர் (கிராஸ்ஓவரில் வழக்கமான ஒரு வடிகட்டி வகை) என்றால் புத்தகக் கணக்குப்படி 3.6 மில்லிஹென்றி காயிலும் 57 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வேண்டும். மிட்ரேஞ்ச் பக்கம் காயில் 7 மில்லிஹென்றியைத் தாண்டும். இதற்கெல்லாம் ஏர்-கோர் காயில் (நடுவில் இரும்பு இல்லாத கம்பிச்சுருள்) போட்டால் இடமும் போதாது, காசும் போதாது. இரும்பு கோர் போதும். காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பி, தள்ளித்தள்ளிப் பொருத்துங்கள். புத்தகக் கணக்கை அப்படியே சால்டர் செய்ய வேண்டாம், எந்த டிரைவரும் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே ஓம் காட்டாது. பெட்டியில் பொருத்திய பிறகு ஒவ்வொரு டிரைவரையும் மைக் வைத்து அளந்து, அந்த அளவுகளை விட்யூக்ஸ்கேட் என்ற ஸ்பீக்கர் வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றிய பிறகே என் கிராஸ்ஓவர் உருப்பெற்றது. மிட்ரேஞ்சின் பிளஸ் மைனஸை வேண்டுமென்றே மாற்றி இணைத்து அளந்து பாருங்கள். கிராஸ்ஓவர் புள்ளியில் ஆழமான குழி விழுந்தால், சரியாக இணைக்கும்போது இரண்டும் ஒத்துழைக்கின்றன என்று அர்த்தம்.

பெட்டியில் போர்ட் (பாஸைக் கூட்டும் காற்றுத் துளை) வைக்காததற்கு ரிசீவர் ஒரு காரணம். மூடிய பெட்டியின் க்யூ (பாஸ் எவ்வளவு முழங்குகிறது என்பதைக் காட்டும் எண்) 0.7 பக்கமும், பாஸ் இறங்கத் தொடங்கும் இடம் 80 ஹெர்ட்ஸ் பக்கமும் அமைந்தால், அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ரிசீவரின் ஹை-பாஸ் (பாஸைச் சென்டரில் குறைக்கும் வடிகட்டி) குறைக்கும் 12 டெசிபெல்லும் பெட்டியின் சொந்த 12 டெசிபெல்லும் சேர்ந்து 24 டெசிபெல் ஆகும். ஆழ்ந்த பாஸுக்கான தனிப் பெட்டியான சப்வூஃபரோடு இணையும் இடம் அதனால்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ஆண் குரல் கனமாக இருக்கிறது, ஆனால் பெட்டிக்குள்ளிருந்து முழங்குவதில்லை.

முதலில் கவனித்தது, யாரும் ரிமோட்டைத் தேடவில்லை என்பதை. ஓரத்து நாற்காலியில் உட்காருபவருக்கும் கிசுகிசு வசனம் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. முன்பைவிடக் குறைந்த சத்தத்தில் படம் பார்க்கிறோம். ராத்திரியில் இதன் அருமை தெரியும். தெரிந்த மொழிப் படத்துக்கு சப்டைட்டில் போடும் வழக்கமே நின்றுவிட்டது. இடையில் வேறு விலையுயர்ந்த சென்டர்களையும் கேட்டேன், படுக்கைவச வகைதான். ஓரத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டால் என்னுடையதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

இனி உயரத்துக்கு வருகிறேன். மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்று அமர்வதால் பெட்டி 27 செ.மீ. உயரம். கடையில் கிடைக்கும் சென்டர்களில் பலவும் இதைவிடக் குள்ளம். டி.வி. ஸ்டாண்டின் தட்டுக்குள் இது நுழையாது, நுழைந்தாலும் நுழைக்கக் கூடாது: மூன்று பக்கமும் அடைத்த பொந்துக்குள் எந்தக் குரலும் கொழகொழத்துப் போகும். ஆகவே பெட்டி ஸ்டாண்டின் மேல், டி.வி. சுவரில் ஏறியது. அன்றிலிருந்து படம் கண்மட்டத்தில் இல்லை. சாதாரண நிகழ்ச்சிக்குத் தெரியாது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் இடைவேளைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். சாய்வு நாற்காலி போட்டும், டி.வி.யைக் கீழ்நோக்கிச் சாய்த்தும் பார்த்தாயிற்று, குறைகிறதே தவிரப் போவதில்லை. சிறிய ட்வீட்டரும் 3 இன்ச் மிட்ரேஞ்சும் போட்டால் நாலைந்து செ.மீ. குறையலாம். அதற்கு கிராஸ்ஓவரை மேலே நகர்த்த வேண்டும், வூஃபர் இடைவெளி மறுபடி தொல்லை கொடுக்க ஆரம்பிக்கும். சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

ஒலிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். மொத்தமாக மதிப்பெண் கேட்டால், நேற்று ஒரு நீளமான படம் பார்த்து எழுந்த கழுத்தோடு எழுதுகிறேன், மூன்று. இதை விற்றுவிட்டு வேறு வைப்பாயா என்றால் மாட்டேன்.

நண்பர் வீட்டில் படம் பார்ப்பது இரண்டே பேர், இருவரும் நடுவில். அவருக்குச் சென்டரே இல்லாமல் இடது வலது ஸ்பீக்கர்களை வைத்து நடுவில் குரலை உருவாக்கிக்கொள்ளலாம். அப்படி உருவாகும் குரலில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருக்கும்தான், ஆனால் கழுத்து நிமிர வேண்டியதில்லை. அதனால் இப்போதைக்குக் கட்டாதே என்று எழுதிவிட்டேன். டி.வி.க்குக் கீழ் 27 செ.மீ. விட்டு, திரையின் நடுப்பகுதி கண்மட்டத்தில் நிற்குமா என்று டேப் வைத்து அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நிற்கும் என்றால் வரைபடம், கிராஸ்ஓவர் மதிப்புகள் எல்லாம் அனுப்பிவைப்பேன்.