ஐ.எஸ்.டி. பூத் இருந்த காம்ப்ளெக்ஸ்

ஒரு மாத லீவில் கீழக்கரை போய்விட்டுப் போன வாரம்தான் துபாய் திரும்பினேன். அடுத்து லீவில் போகிறவர்கள், ஊரில் எந்த வேலை சீக்கிரம் முடிகிறது, எது இழுத்தடிக்கிறது என்று கேட்பார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தப் பயணத்தில் என் மனதைவிட்டு இறங்காதது, ராமநாதபுரத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு கட்டடம்.

மதுரையில் இறங்கினால் பரமக்குடி வரை நாலு வழிச் சாலை. அதற்கப்புறம் ரெண்டு வழிதான். முன்னால் ஒரு லாரி மாட்டிக்கொண்டால் பொறுமையாகத்தான் வர வேண்டும். பணத்துக்கு முன்போல அலைய வேண்டியதில்லை. அமீரக நம்பரை வைத்தே என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் வைக்கிற பேங்க் கணக்கு) யு.பி.ஐ. போட்டுக்கொள்ள 2023-லேயே அனுமதி வந்துவிட்டது. என் பேங்கில் மட்டும் அதைச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும் முன்பே இங்கிருந்து முடித்துக்கொண்டு போங்கள். சரியான பிறகு மீன் கடை, இளநீர் வண்டி, தொதல் மிட்டாய்க் கடை என்று எல்லா இடத்திலும் ஸ்கேன் செய்தேதான் கொடுத்தேன்.

போன லீவில் பாம்பன் பாலத்தில் ரயிலே இல்லை. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தியிருந்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு எனக்கு இதுதான் முதல் பயணம். உம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் வரை போனேன். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்பும் என்று சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு, "நம்ம காம்ப்ளெக்ஸ் லிஃப்ட் மாதிரியா?" என்று கேட்டார்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் காம்ப்ளெக்ஸைத் திறந்தார்கள். ராமநாதபுரம் ஊர் முடிகிற இடத்தில், ரோட்டோரம், பின்னால் சீமைக்கருவேலங்காடு. மூன்று மாடி. மதுரைக்காரர்கள் பார்த்தால் இதுவா மால் என்பார்கள். எங்களுக்கு அதுதான் முதல் லிஃப்ட், முதல் ஏசி கடை. கீழே ஃபேன்ஸி ஸ்டோர், ஃபிலிம் ரோல் கழுவித் தரும் ஸ்டூடியோ, ஃபலூதா கடை. ஒரு மூலையில் ஃபாரின் சாமான் கடை. சபராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், கொண்டுவந்ததில் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போக மிஞ்சிய டாங் டப்பா, நிடோ டின், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில் எல்லாம் அங்கே விலைக்குப் போகும். முதல் மாடியில் ஜவுளியும் தையலும். ரெண்டாவது மாடியில் வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற ஐ.எஸ்.டி. பூத்.

மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண் ஓடுகிற மீட்டர், வெளியே நீளமாக ஒரு மரப் பெஞ்சு. துபாயில் இருந்த வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. கீழக்கரையிலும் பூத் இருந்தது. ஆனால் வெளியே தெரிந்தவர்கள் நிற்பார்கள். பேசியது நமக்கு முன்னால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சுமார் 17 கிலோமீட்டர் பஸ்ஸில் வருவார்கள். 00971 என்று தொடங்கி நான்தான் நம்பர் அழுத்துவேன். கண் மீட்டரில் இருக்கும். சாப்பிட்டீங்களா, உடம்புக்கு எப்படி என்பதிலேயே முதல் நிமிடம் போய்விடும்.

பேசி முடித்ததும் உம்மா கிளம்ப மாட்டார்கள். பெஞ்சில் உட்காருவார்கள். அங்கே ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கத்துப் பெண்களும் இருப்பார்கள். யார் வீட்டுக்காரர் எந்த நாட்டில், எப்போது வருகிறார், சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று பேச்சு போகும். அழுகிறவர்களும் உண்டு. எனக்கு ஒரு ஃபலூதா வாங்கித் தந்துவிட்டால் ஒரு மணி நேரம் கவலையில்லை. யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை. ஒரு பெண், ஒன்றும் வாங்காமல், சும்மா உட்கார்ந்திருக்க எங்கள் பக்கம் வேறு இடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கடற்கரை பக்கத்தில்தான். மாலையில் அங்கே உட்கார்வது ஆம்பளைகள்.

செல்போன் வந்ததும் பூத் போனது. ஸ்டூடியோவும் அதே வழியில் போனது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது ரொக்கத்திலேயே ஓடிய ஃபாரின் சாமான் கடை படுத்துவிட்டது. 2020 மார்ச் ஊரடங்கில் இறக்கிய மற்ற ஷட்டர்கள் திரும்ப ஏறவே இல்லை. இப்போது முகப்புக் கண்ணாடியில் பாதி இல்லை. படிக்கட்டு வரை கருவேலம் வந்துவிட்டது.

அடுத்த வருஷமே, 2021 மே மாதம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் உம்மா அதில் ஏறி எங்கே போவார்கள்? துணி, மருந்து, பாத்திரம் எல்லாம் வாசலுக்கே வருகிறது. துபாயில் வாட்ஸ்அப் கால் எடுக்காது என்றாலும் போட்டிம் ஆப் இருக்கிறது. தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம். எதிலும் குறையில்லை. வெளியே கிளம்ப ஒரு காரணம்தான் இல்லை. வாப்பா மவுத்தான பிறகு ரொம்பவே வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத்தான் கடைசி வாரம் அரண்மனைப் பக்கம் ஒரு இ-சேவை கடைக்கு உம்மாவோடு போனேன். ஆன்லைனில் போட்டாலும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை தாண்ட வேண்டும். லீவு தொடங்கின அன்றே போட்டுவிடுங்கள். எனக்கு இன்னும் வரவில்லை. கடைக்காரர் வாப்பாவின் பெயரை டைப் செய்துகொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு உம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, நீங்க கீழக்கரை தானே? வெள்ளிக்கிழமை துபாய் கால்?"

பூத்துக்காரர். தலை முழுக்க நரைத்திருந்ததால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. உம்மாவுக்குக் குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டதாம். அவர் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்து ஃபேனுக்குக் கீழே போட்டார். ஏர்வாடிக்காரம்மா இப்போது மகளோடு மலேசியாவில், தேவிபட்டினத்துக்காரம்மா போன மாதம்கூடப் பென்ஷன் விஷயமாக வந்தார் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலு மணி பஸ்ஸை விட்டோம்.

"அந்தம்மா திரும்ப எப்ப வருவாங்க?" என்று உம்மா அவரிடம் கேட்டார்கள்.