செங்காந்தள் இலை பழுத்தால்: வேலியோரமா, தொட்டியா?

செங்காந்தளை வேலியோரம் வைப்பதா, தொட்டியில் வைப்பதா என்று கேட்டால் நான் தொட்டி என்றுதான் சொல்வேன். மூன்று வருடம் இரண்டிலும் வைத்துப் பார்த்தாயிற்று. எங்கள் வீடு மாயவரம் பக்கம். கொல்லை மண் நனைந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் களிமண். என் தீர்ப்பில் பாதி அந்த மண்ணின் தீர்ப்பு.

தரையில் வைத்தால் கொடி நன்றாக ஏறும், பூவும் அதிகம், தினமும் தண்ணீர் கேட்காது. தொட்டி என்றால் செலவு, இடம், தூக்கி வைக்கிற வேலை. இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். என்னைத் தொட்டிக்குத் தள்ளியது இலை.

‘இலை உதிருது’ என்கிறோமே, காந்தளில் அது அவ்வளவு சரியான பேச்சில்லை. இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கொடி ஏறுகிறது. காய்ந்து சருகான பிறகும் அந்தப் பிடி விடாது. அதனால் கீழே விழுந்ததைப் பார்த்துப் பயனில்லை, கொடியில் தொங்குவதைப் பார்க்க வேண்டும். எந்த மாதம் பழுத்தது, கீழிருந்தா ஒரேயடியாகவா, அடித்தண்டு கெட்டியாக இருக்கிறதா, இந்த மூன்றிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஆனி, ஆடியில் வைத்த கிழங்கு ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் காய் முற்றும்போது அடி இலையிலிருந்து மெல்ல மெல்லப் பழுக்கும். அது நோயில்லை, கொடி தூங்கப் போகிறது. முதல் வருடம் எனக்கு இது தெரியாது. வேலியோரக் கொடி தையில் மஞ்சளானதும் தாகம் என்று நினைத்துத் தினம் ஒரு குடம் ஊற்றினேன், எருவும் போட்டேன். “அது ஆயுசு முடிஞ்சு போகுது, விடும்மா” என்று மாமியார் சொன்னதைக் கேட்கவில்லை. ஆனியில் முளை வரவில்லை. தோண்டினால் கிழங்கு இருந்த இடத்தில் நாற்றமடிக்கும் கொழகொழப்பு.

ஐப்பசியில், பூத்துக்கொண்டிருக்கும்போதே கொடி முழுக்க மஞ்சளாகி, மண் ஈரமாக இருந்தும் நுனி துவண்டால் கிழங்கு அழுகுகிறது என்று அர்த்தம். அடித்தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், நசுங்கினால் சந்தேகமே வேண்டாம். இலையில் பழுப்பு வட்டங்கள் விழுந்து, அவை ஒன்றோடொன்று சேர்ந்து கருகினால் இலைக்கருகல். மழை விட்டு விட்டுப் பெய்யும் புழுக்கத்தில் வரும். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கலந்து தெளித்தால் பரவுவது நிற்கும். இலை ஓரத்தில் கடித்த தடம் இருந்தால் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுவைத் தேடுங்கள். பக்கத்தில் விஷமூங்கிலோ ஸ்பைடர் லில்லியோ இருந்தால் அங்கேயும் இருக்கும். கையால் பொறுக்குவதே போதும்.

புழுவுக்குத் தரை, தொட்டி என்ற பேதம் இல்லை. கருகலில் தரைக்கே ஒரு மதிப்பெண் கூட. மாடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியில் காற்றோட்டம் குறைந்து கருகல் சீக்கிரம் பிடித்தது, சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி வைத்தேன்.

ஆனால் அழுகலுக்கு வந்தால் தொட்டிக்குப் பக்கத்தில் தரை வரவே முடியாது. இந்தக் கிழங்குக்கு வருடத்தில் இரண்டு கண்டங்கள். ஒன்று ஐப்பசி அடைமழை. இன்னொன்று, யாரும் சொல்லாதது, கோடை. மாசியிலிருந்து வைகாசி வரை கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது, அப்போது அதற்கு ஈரமே ஆகாது. என் இரண்டாவது வருடக் கிழங்கு மழைக்குத் தப்பியது. பக்கத்தில் இருந்த குண்டுமல்லிக்குத் தப்பவில்லை. மல்லி பூப்பதே கோடையில், தினம் தண்ணீர் கேட்கும். மல்லிப் பாத்தியில் விட்ட தண்ணீர் காந்தளுக்குக் கசிந்தது. தரையில் ஒரு செடிக்கு விட்டு இன்னொன்றுக்கு விடாமல் இருப்பது சொல்லும்போது சுலபம்.

தொட்டியில் அந்தக் குழாயை நாமே மூடலாம். 12 அங்குல மண்தொட்டி, அடித்துளை மேல் ஓட்டாஞ்சில்லு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுவுரம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வேண்டாம், மழைக்காலத்தில் அது ஈரத்தை விடாது. கிழங்கைப் படுக்கை வசமாக 2 அங்குல ஆழத்தில் வையுங்கள். வைப்பதற்கு முன் லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் (இதுவும் பூஞ்சைக்கொல்லிதான்) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு எடுக்கலாம். அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடிதான் போடுவேன் என்றால் இதை விட்டுவிடுங்கள், இது அதையும் கொன்றுவிடும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் நிறுத்த வேண்டும். மாடியில் தேங்கும் தண்ணீரில் துளை முங்கினால் தொட்டியும் களிமண்தான்.

மழை மூன்று நாள் விடாமல் அடித்தால் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்துவிடுகிறேன். தையில் தண்ணீரை நிறுத்தி, கொடி தானாகக் காய்ந்ததும் அறுத்துவிட்டு, தொட்டியை மாடிப்படிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுகிறேன். கிழங்கை வெளியே எடுப்பதில்லை. முளைக்கண் கிழங்கின் நுனியில் இருக்கிறது, கத்தரிப் பிஞ்சுக் காம்பு மாதிரி படக்கென்று ஒடியும். ஆனியில் நிமிர்த்தி வைத்து ஒரு செம்பு தண்ணீர். எப்போதாவது மண்ணைக் கிளறும்போது சுருங்கிய தக்கை போல ஒன்று கிடைத்தால் பதற வேண்டாம், அது போன வருடத் தாய்க்கிழங்கு. ஒவ்வொரு வருடமும் பழையது வற்றிப் புதுக் கிழங்கு உருவாகும். தக்கையாக இருந்தால் வயது, கொழகொழத்தால் அழுகல்.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்று ஏக்கர் கணக்கில் தரையில்தான் போடுகிறார்கள், கிளுவைக் குச்சிகளில் ஏற்றி விதைக்காக வளர்க்கிறார்கள். அங்கே செம்மண், மழையும் குறைவு. வேதாரண்யத்து மணலிலோ யாரும் வைக்காமலே வளர்கிறது. அப்படிப்பட்ட மண் வாய்த்தவர்களுக்குத் தொட்டி வீண் வேலை. களிமண்ணில் ஒன்றரை அடி மேட்டுப்பாத்தி போட்டும் பார்த்தேன், ஒரு மழைக்காலம் தாங்கியது. ஒரே ஒரு மழைக்காலத்தை வைத்து அதற்கு வாக்கு கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த மேட்டுப்பாத்தியையும் நான் கலைத்ததற்குக் காரணம் இலை இல்லை. பங்குனியில், மேலே கொடி காய்ந்து சுவடே இல்லாத நேரம், வாழைக்கன்று வைக்க வந்தவர் மண்வெட்டியோடு ஒரு கவைக் கிழங்கைத் தூக்கிக் காட்டினார்: “என்ன கிழங்கும்மா இது, வள்ளி மாதிரி இருக்கே, அவிச்சுத் திங்கலாமா?” கொல்ச்சிசின் என்ற நஞ்சு நிறைந்த கிழங்கு, உள்ளே போனால் ஆளையே கொல்லும். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே மிச்சம் இருந்த இரண்டையும் கையுறை போட்டு எடுத்துத் தொட்டிக்கு மாற்றினேன். ஒன்றில் முளைக்கண் ஒடிந்துவிட்டது.